ஒரு கம்பியும் நால்வர் செய்தியும்

சமயமும் இலக்கியமும் சிறந்து விளங்கும் மலரொன்றிலே தந்திக் கம்பியின் கதையைச் சொல்லப் புகுவது பொருத்தமோ என ஐயுறுவோர் இருத்தல் கூடும். பெரியோர் பொறுத்தருள்வர், இளைஞர் விரும்பிப் படிப்பர் என்னும் துணிவோடு, பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் நாம் இதனை எழுத முன்வந்தோம்.

எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளியது. ஊர்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் கம்பி ஒன்று, செய்தி அனுப்பக் காத்திருப்போர் நால்வர். ஒருவர் செய்தி மற்றவர் செய்தியோடு கலவாமல் நால்வரும் ஒரே வேளையில் அந்தக் கம்பியைப் பயன்படுத்துவது எங்ஙனம்? இதற்குக் கிடைத்த விடையே இன்று உலகெங்கும் தொலைபேசிப் பேச்சைச் சுமந்து செல்கின்றது. ஆயினும் அதன் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் 1962ஆம் ஆண்டையும் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுகூடத்தையுமே தொடக்கமாகக் கொள்வர். எமக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, பிரான்சு தேசத்துத் தந்திக் கந்தோரில் வேலைபார்த்த ஒருவர், ஆரம்பக் கல்விக்கு மேல் பள்ளிப் படிப்பில்லாதவர், இவ்விடையைக் கண்டு கருவியாகவும் செய்து முடித்தார். அவர் பெயர் எமீல் போடோ.

கம்பியைப் பகிர வேண்டிய தேவை எவ்வாறு வந்தது என்பதை முதலிற் காண்போம். தந்தி என்பது 1840களில் மக்களுக்குப் பயன்படத் தொடங்கியது. மோர்ஸ் முறையிலே திறமையுள்ள ஊழியர் ஒருவர் நிமிடத்துக்கு இருபது இருபத்தைந்து சொற்கள் அனுப்புவார். கையின் வேகம் அவ்வளவே. கம்பியின் வேகமோ அதனிலும் பன்மடங்கு. ஒரு புள்ளிக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையிலே, ஊழியர் அடுத்த எழுத்தை நினைக்கும் அந்தச் சிறு பொழுதிலே, நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள கம்பி வாளாவிருக்கின்றது. வணிகம் பெருகத் தந்திகள் குவிந்தன. புதுக் கம்பி இழுப்பதென்றால் மரக்கம்பமும் செப்பும் இரும்பும் கூலியும் வேண்டும். கடலடி வடமென்றால் செலவைச் சொல்லவே வேண்டாம். ஆதலால் இருக்கும் கம்பியிலேயே இன்னுமொருவருக்கு இடம் தேடினார்கள்.

தேடியவர்கள் மூன்று வழியே சென்றனர். முதல் வழி, ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது. வியன்னா நகரத்துக் கின்ற்ல் என்பவர் 1853இல் இதனைச் செய்து காட்டினார். பொஸ்ரன் நகரத்து ஸ்ரேர்ன்ஸ் 1872இல் இதனை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். இதன்மேல் எடிசன் 1874இல் மேலுமொரு படி ஏறினார். மின்னோட்டத்தின் திசையை மாற்றுவதால் ஒரு செய்தியையும், அதன் வலிமையைக் கூட்டிக் குறைப்பதால் இன்னொரு செய்தியையும் அனுப்பலாம் என்று கண்டு, இரு திசையிலுமாக நான்கு செய்திகளை ஒரு கம்பியில் ஏற்றினார். அக்கருவியின் உரிமைக்காக அமெரிக்கக் கோடீசுவரர்கள் நீண்டகாலம் வழக்காடினர் என்றால் அதன் மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் நான்கோடு அந்த வழி ஏறக்குறைய முட்டுப்பட்டு நின்றுவிட்டது.

இரண்டாம் வழி சுருதி வேறுபாட்டால் பிரிப்பது. ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு சுருதி. மறுமுனையில் அந்தந்தச் சுருதிக்கு மட்டும் அதிரும் நாக்குகள். கிரகம் பெல்லும் எலிசா கிறேயும் இதனைச் செய்யப் போய்த்தான் தொலைபேசியிலே வந்து நின்றார்கள். வானொலி நிலையங்கள் தத்தமக்கு ஒவ்வோர் அலைவரிசை வைத்துக்கொள்வதும் இந்த வழியைச் சேர்ந்ததே.

மூன்றாம் வழிதான் எமது கட்டுரைக்குரியது. அது முறை வைத்துப் பகிர்வது. தோட்டக்காரர் நால்வர் சேர்ந்து பங்குக் கிணறொன்று வைத்திருப்பின், எல்லோரும் ஒரே வேளையில் இறைப்பதில்லை, ஆளுக்கொரு முறையுண்டு. அதைப் போலவே கம்பியையும் நால்வருக்கும் முறைப்படி விடலாம். வேறுபாடு யாதெனில், கிணற்றில் முறை மணிக்கணக்கில் வரும். கம்பியில் அது செக்கனின் சிறு கூறாக வரல் வேண்டும். அவ்வளவு விரைவில் வந்து போனால் ஒவ்வொருவருக்கும் கம்பி முழுவதும் தனக்கே உரியது போலத் தோன்றும். இந்த எண்ணம் போடோவுக்கு முன்னரும் இருந்தது. அமெரிக்காவில் மோசஸ் பாமர் 1850களிலேயே சுழலும் ஆளி கொண்டு இதனை முயன்றார். பிரான்சிலே மேயர் என்பவர் 1870களின் தொடக்கத்தில் மோர்ஸ் குறிகளை வைத்தே பல்செய்திக் கருவியொன்றைச் செய்தார்.

இங்கேதான் போடோவின் அறிவு நுட்பம் வெளிப்படுகின்றது. மோர்ஸ் குறியிலே எழுத்துக்கள் நீளத்தால் ஒத்தவை அல்ல. ஆங்கிலத்து 'ஈ' ஒரே புள்ளி. வேறு சில எழுத்துக்கள் நான்கு குறிகள். அளவு ஒவ்வாத பொருளை முறை வைத்துப் பங்கிடுவது கடினம். அனைவருக்கும் ஒரே அளவு நேரம் விடுவதாயின், அந்நேரத்துள் அடங்கும் பொருளும் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். எனவே போடோ ஒவ்வோர் எழுத்துக்கும் சரியாக ஐந்து துடிப்புகளை வகுத்தார். ஒவ்வொரு துடிப்பும் இருவகையுள் ஒன்று. ஐந்தும் சேர்ந்து முப்பத்திரண்டு சேர்க்கைகள் தரும். எழுத்துக்கும் எண்ணுக்கும் மாறிக்கொள்ள இரு குறிகளை ஒதுக்கினால் முப்பத்திரண்டே போதும். மிஷன் கல்லூரியிலே பேக்கனின் கட்டுரைகளை மனனஞ் செய்த எம் போன்றோர்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும்: இருவகைக் குறிகளை ஐந்தைந்தாக அடுக்கி எழுத்துக்களைக் குறிக்கலாமென்பதை இரகசிய எழுத்துக்காக அந்தப் பேக்கனே பதினேழாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருந்தார். போடோ செய்தது அதனைக் கம்பிக்கும் காலத்துக்கும் பொருத்தியது. உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளால் எழுத்தைச் சொல்லும் இம்முறை, பிற்காலத்து இலக்கமுறை என்பதன் முன்னோடியேயாகும்.

அவரது வாழ்க்கையைச் சிறிது கூறுவோம். 1845இல் ஓத்-மார்ன் பகுதியிலே மாஞோ என்னும் சிற்றூரில் கமக்காரர் குடும்பத்திற் பிறந்தார். 1869இல் தந்தித் திணைக்களத்திலே பயிலுநராகச் சேர்ந்தார். பின்னர் பாரிஸ் நகரத்திலே ஹியூஸ் என்பவரின் அச்சுத் தந்திக் கருவியில் வேலை பழகினார். அக்கருவி எழுத்துக்களைக் கடதாசியில் அச்சிட்டுத் தரும். ஆனால் கம்பி ஒரு வேளை ஒருவருக்கே. மேயரின் கருவி பலருக்கு இடமளிக்கும், ஆனால் அச்சிடாது. இரண்டினதும் நன்மையை ஒன்றாக்க வேண்டுமென்பதே அவர் ஆசை. திணைக்களத்தார் தடுக்கவில்லை, ஆனால் வேலை நேரம் முடிந்த பின் சொந்தப் பொழுதிலே செய்துகொள்ளட்டும் என விட்டுவிட்டனர். 1874 ஆனி மாதம் காப்புரிமை பெற்றார். 1877இல் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடைப்பட்ட கம்பியிலே கருவி ஓடியது. 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பொற்பதக்கம் கிடைத்தது.

நால்வர் பயன்படுத்தும் போடோ கருவி எவ்வாறு தொழிற்பட்டதெனக் காண்போம். நடுவிலே வட்டத் தட்டொன்று. அதன் விளிம்பு செப்புத் துண்டங்களாக வெட்டப்பட்டிருக்கும்: ஆளுக்கு ஐந்தாக நால்வருக்கும் இருபது துண்டங்கள், இரு முனைகளையும் ஒத்து ஓடச்செய்வதற்கென மேலும் சில. தட்டின்மேல் உலோகத் தூரிகையொன்று சுழன்றுகொண்டேயிருக்கும். தூரிகை எந்தத் துண்டத்தைத் தொடுகின்றதோ அந்தத் துண்டத்துக்குரியவரின் துடிப்பே அக்கணம் கம்பியில் ஏறும். நிமிடத்துக்கு 180 சுற்று, செக்கனுக்கு மூன்று. ஆகவே ஒவ்வொருவருக்கும் கம்பி கிடைப்பது ஏறத்தாழச் செக்கனின் பன்னிரண்டில் ஒரு கூறு. கிடைத்தவுடன் பறிபோய்ச் செக்கனின் காற்பங்கு கழிந்தபின் மீண்டும் வரும். அந்தக் காற்பங்கிலே மற்ற மூவரும் தம் எழுத்துக்களை அனுப்பிவிடுவர். ஆளுக்கு நிமிடத்தில் 180 எழுத்து, அதாவது முப்பது சொற்கள். நால்வருக்கும் 120 சொற்கள். ஒரே கம்பி!

மறுமுனையிலும் இதே போன்ற தட்டும் தூரிகையும் உண்டு. இரண்டும் ஒரே வேகத்திற் சுழன்றாலன்றி எல்லாம் குழம்பிவிடும். முதலாமவர் செய்தி இரண்டாமவர் கடதாசியில் விழும். நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் இரு சுழற்சிகளை ஒன்றாக்குவது எப்படி? போடோ செய்த உபாயம் அழகானது. ஒரு முனையிலுள்ள தூரிகையைச் சற்றே விரைவாக ஓடவிட்டார். மற்ற முனையிலிருந்து சுற்றுக்கொரு திருத்தத் துடிப்பு வரும். முந்திய தூரிகையை அது சிறிது பிடித்து நிறுத்தும். முந்துவதும் பிடிப்பதுமாக இரண்டும் இணைந்தே செல்லும். முற்றிலும் பிழையற்ற கடிகாரம் இரண்டைத் தேடி அலையாமல், பிழையுள்ள கடிகாரங்களைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொள்வோம் என்று அவர் துணிந்ததையே நாம் அவரது பெரும் சாதனையெனக் கொள்கின்றோம். ஐந்து துடிப்புக் குறியீட்டைப் புகழ்வோர் பலர். இத்திருத்தத்தைப் புகழ்வோர் சிலரே.

இனி அந்தக் கருவியின் முன் அமர்ந்திருந்த மனிதரை நோக்குவோம். போடோவின் விசைப்பலகையில் தட்டெழுத்துப் பொறியிற் போல எழுத்துக்கு ஒரு விசை இல்லை. பியானோ விசை போன்று ஐந்தே ஐந்து. இடக்கை இரண்டு விரல், வலக்கை மூன்று விரல். ஊழியர் எழுத்துக்குரிய சேர்க்கையை மனத்தில் வைத்து ஐந்து விரல்களாலும் ஒருங்கே அழுத்துவார். அழுத்திய விசைகள் பூட்டிக்கொள்ளும். அவருடைய முறை வந்து தூரிகை கடந்து சென்றதும், விசைகள் விடுபட்டு 'டிக்' என்று ஓரொலி எழும். அந்த ஒலி கேட்டவுடன் அடுத்த எழுத்தை அழுத்த வேண்டும். அடுத்த 'டிக்' செக்கனின் மூன்றிலொரு கூறில் வந்துவிடும். பிந்தினால் எழுத்துக் கெடும். முந்தவும் வழியில்லை, விசைகள்தாம் பூட்டிக் கிடக்கின்றனவே. நிமிடத்துக்கு நூற்றெண்பது தடவை, மணிக்கணக்காக, நால்வரும் அருகருகே அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் தாளத்தைத் தவறவிடாமல்!

தவில் பயிலும் பிள்ளைக்கும் காலப்பிரமாணம் பிசகக்கூடாது. ஆனால் வித்துவான் விரும்பினாற் காலத்தை மாற்றலாம், இடையில் இளைப்பாறலாம். தந்தி ஊழியருக்கு அந்த உரிமையில்லை. களைத்திருந்தாலும் தும்மினாலும் தட்டு நின்று காத்திராது. கம்பியைப் பகிர்வதால் வந்த இலாபம் திணைக்களத்துக்கு. அந்தப் பகிர்வுக்கு வேண்டிய தாளத்தைக் கட்டிக்காக்கும் பாரம் ஊழியரின் விரலுக்கு. வரலாறு எழுதுவோர் கருவியின் வேகத்தைச் சொல்லி, இதனைச் சொல்லாது விடுவது முறையன்று என்பது எம் எண்ணம்.

இன்னுமொரு துயரமும் இக்கதையிலே உண்டு. மிமோல் என்னும் மற்றொரு பிரெஞ்சுத் தந்தி ஊழியர், போடோவின் கருவியில் உள்ள கருத்துக்கள் தம்முடையவை என்று வாதித்தார், வழக்கும் நடந்தது. தமக்கு நீதி கிடைக்கவில்லை என்ற எண்ணம் அவர் உள்ளத்திலே ஆண்டுக்கணக்காகக் கனன்றது. 1888இல் தந்தி உயர் கல்லூரியின் தலைவராயிருந்த ரேனோ என்பவரை அவர் சுட்டுக் கொன்றார். கண்டுபிடித்தவர் யார் என்னும் கேள்வியில் ஓர் உயிர் போயிற்று. பாமர், மேயர், ஹியூஸ், பேக்கன் என எத்தனை பேர் கை பட்ட பொருள் அது என்பதை மேலே கண்டோம். ஒருவர் பெயரை மட்டும் அதன்மேற் பொறிப்பது உலக வழக்கு. போடோ 1903இல் இறந்தார். பின்னர் 1920களில், செக்கனுக்கு இத்தனை குறிகள் என அளக்கும் அலகுக்கு அவர் பெயரைச் சுருக்கிப் 'போட்' என இட்டனர். இற்றைவரை பொறியியலாளர் அதனை வழங்கி வருகின்றனர்.

ஊழியரின் விரலைத் தாளத்தினின்று விடுவித்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மறே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஓர் இடைப்பொருளைப் புகுத்தினார்: கடதாசி நாடா. ஊழியர் சாதாரண தட்டெழுத்து விசைகளை விரும்பிய வேகத்திலே தட்டுவார். நாடாவில் ஐந்தைந்தாகத் துளைகள் விழும். அந்நாடாவைப் பொறி தன் தாளத்தில் வாசித்துக் கம்பியிலேற்றும். மனிதன் தன் நடையில். பொறி அதன் நடையில். மறே குறியீட்டையும் மாற்றியமைத்தார். போடோ விரல்களுக்கு எளிதாகும்படி எழுத்துக்களை வகுத்திருந்தார். மறேயோ அடிக்கடி வரும் எழுத்துக்களுக்குக் குறைந்த துளைகள் வைத்துப் பொறியின் தேய்மானத்தைக் குறைத்தார். விரலுக்கென்றிருந்த கணக்கு இரும்புக்கென்று மாறியது. காத்திருக்கும் செய்தியை ஓரிடத்தில் சேர்த்துவைத்து முறை வரும்போது விடுவிக்கும் அந்த நாடாவின் வேலையை இக்காலத்தில் கணினியின் நினைவகம் செய்கின்றது.

எழுத்துக்குச் சரி, பேச்சுக்கு? பேச்சு தொடர்ச்சியானது. எழுத்துப் போலத் துண்டு துண்டாக வருவதன்று. அதனையும் முறை வைத்து நறுக்கலாமா? அமெரிக்கரான மைனர் என்பவர் 1903 அளவில் சுழலும் ஆளியொன்றினாற் பேச்சை நறுக்கிப் பார்த்தார். செக்கனுக்கு ஏறத்தாழ நாலாயிரம் தடவைக்குக் குறைவாக நறுக்கினாற் பேச்சு விளங்கவில்லை. அதற்கு மேலானால் விளங்கிற்று. அவர் காதாற் கண்டதைப் பின்னர் வந்தோர் கணிதத்தால் நிறுவினர். நைகுவிஸ்ற் 1928இலும், ருஷ்யரான கொற்றெல்நிக்கோவ் 1933இலும், ஷனன் 1949இலும் எழுதியவற்றின் சாரம் இதுவே: ஒலியில் உள்ள மிகக் கூடிய அதிர்வெண்ணின் இரு மடங்குக்குக் குறையாத தடவைகள் அதனை அளந்தால், அந்த அளவுகளிலிருந்து முழு ஒலியையும் மீட்டெடுக்கலாம். தொலைபேசிப் பேச்சுக்கு நாலாயிரம் அதிர்வு போதும். எனவே செக்கனுக்கு எண்ணாயிரம் அளவுகள். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே கம்பி சும்மாதானே இருக்கின்றது? அந்த இடைவெளியிற் பிறர் பேச்சின் அளவுகளைப் புகுத்தலாம். மீண்டும் போடோவின் தட்டுத்தான்!

ஆனால் அளவுகளை அப்படியே அனுப்பினால் வழியிலே இரைச்சல் சேர்ந்து அவை கெட்டுப்போகும். இதற்கு மருந்து கண்டவர் அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அவர் வேலை பார்த்ததும் பாரிஸ் நகரத்து ஆய்வுகூடமொன்றிலேயே என்பது விந்தை. 1937இல் அவருக்குத் தோன்றிய எண்ணம் இது: அளவை அனுப்பாதே, அளவின் எண்ணை அனுப்பு. எண்ணையும் உண்டு, இல்லை என்னும் துடிப்புகளாக்கி அனுப்பு. வழியில் எவ்வளவு இரைச்சல் சேர்ந்தாலும், துடிப்பு உண்டா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். தெரிந்தவுடன் இடைவழிப் பொறி புதுத் துடிப்பொன்றை எழுப்பி அனுப்பிவிடும். பழைய முறையில், தொலைவு கூடக்கூட இரைச்சலும் பெருக்கப்பட்டுக் கூடிவந்தது. இம்முறையில் ஒவ்வொரு தங்குமடத்திலும் செய்தி குளித்து முழுகிப் புத்தாடை உடுத்திப் புறப்படுகின்றது! 1938இல் பிரான்சிற் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒரு பேச்சுக்கே எத்தனையோ வால்வுகள் வேண்டியிருந்தன. அவை சூடேறும், எரிந்துபோகும், விலையும் அதிகம். எண்ணம் முந்திப் பிறந்துவிட்டது. அதற்கேற்ற பொருள் பிறக்கவில்லை. காப்புரிமைக் காலம் அவருக்குப் பெரும் பொருள் தராமலே கழிந்தது. 1969இல் பிரித்தானியத் தபாற் பகுதி இம்முறையைச் சிறப்பித்து முத்திரை வெளியிட்டது. 1971இல் றீவ்ஸ் காலமானார்.

அதற்கேற்ற பொருள் திரான்சிற்றர். அது 1947 மார்கழியில் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. அமெரிக்க நகரங்களிலே தெருவின் கீழுள்ள குழாய்கள் வடங்களால் நிறைந்துபோய், புது வடம் புகுத்த இடமின்றித் தொலைபேசிக் கம்பனி திண்டாடிய காலம் அது. 1962இல் சிக்காக்கோவில் 'ரீ-1' என்னும் முறையைத் தொடங்கினர். முன்பு ஒரு சோடிக் கம்பியில் ஒரு பேச்சு. இப்பொழுது போக ஒரு சோடி, வர ஒரு சோடி, இரண்டு சோடியில் இருபத்துநான்கு பேச்சு. கணக்கு இளைஞர்க்கு இனிப்பாயிருக்குமாதலாற் சொல்கின்றோம்: ஆளுக்கு எட்டுத் துடிப்பு, இருபத்துநால்வருக்கு 192. இது போடோவின் தட்டு ஒருமுறை சுற்றியது போல. சுற்றின் தொடக்கம் எது என்று மறுமுனைக்குக் காட்ட மேலும் ஒரு துடிப்பு, ஆக 193. செக்கனுக்கு எண்ணாயிரம் சுற்று. எனவே 15,44,000 துடிப்புகள். அந்த நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது துடிப்பு, போடோவின் திருத்தத் துடிப்புச் செய்த ஒத்திசைவு வேலையையே வேறு வகையிற் செய்கின்றது. ஆறாயிரம் அடிக்கு ஒன்றாக நிலத்தடியில் இருந்த பொறிகள் துடிப்பைப் புதுப்பித்து அனுப்பின. ஐரோப்பியர் முப்பத்திரண்டு பங்கு வைத்து, முப்பதைப் பேச்சுக்கும் இரண்டை ஒத்திசைவு, சமிக்ஞை என்பவற்றுக்கும் விட்டனர். அவர்கள் கணக்கு 20,48,000. இரண்டு கண்டங்கள் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டதால் பின்வந்த பொறியியலாளர் பட்ட பாட்டை விரிக்கின் பெருகும். 1988இல் ஒளியிழைகளுக்கென உலகுக்குப் பொதுவான கணக்கொன்று வகுத்த பின்னரே அது ஓரளவு தணிந்தது. அந்த ஒளியிழைக்கு வழிகாட்டும் கட்டுரையை 1966இல் எழுதிய காவோ, றீவ்ஸ் பணிபுரிந்த ஆங்கில ஆய்வுகூடத்தவரே.

முறை வைத்துப் பகிர்வதில் ஒரு குறை உண்டு. முறைக்காரர் வராவிடின் தண்ணீர் வீண். பேசுகின்ற இருவருள் ஒருவர் பேச மற்றவர் கேட்பதே வழக்கம். அந்த நேரமெல்லாம் கேட்பவர் முறை வெறிதே சுற்றிவருகின்றது. 1956இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே போடப்பட்ட முதலாவது தொலைபேசி வடத்தில் 36 வழிகளே இருந்தன. 1960 அளவில் அதில் ஒரு பொறியை இணைத்தனர். யார் வாய் மூடுகின்றாரோ அவர் வழியை அக்கணமே வாங்கி, வாய் திறந்தவருக்குக் கொடுக்கும் பொறி. வழிகள் ஏறத்தாழ இரட்டித்தன. அவ்வடமும் அதன் பொறியும் இன்று வழக்கொழிந்தன. ஆனால் முறையென்று ஒன்றை நிலையாக வைக்காமல், சொல்ல வேண்டியது உள்ளவருக்கே வழியைக் கொடுப்பது என்னும் கொள்கை நின்றுவிட்டது. 1960களில் அமெரிக்கரான பறனும் ஆங்கிலேயரான டேவிசும் தனித்தனியே இதனை முற்றாகப் பற்றிக்கொண்டு, செய்தியைச் சிறு பொதிகளாக்கிப் பொதிக்குப் பொதி முகவரி எழுதி அனுப்பலாமென்றனர். இணையம் அந்த வழி வந்தது. பொதிக்கு முறை வேண்டாம். முகவரி வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். நெரிசல் கூடினால் எவ்வளவு காத்திருப்பதென்பது முன்கூட்டித் தெரியாது. போடோவின் ஊழியருக்கோ தம் முறை எக்கணம் வருமென்று ஐயமேயில்லை. இரண்டில் எது நன்று என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல நாம் துணியோம். பேசுவோர்க்கு முதலாவதும் எழுதுவோர்க்கு இரண்டாவதும் நெடுங்காலம் பொருந்திவந்தன என்று மட்டும் கூறலாம்.

கம்பியே இல்லாத இடத்திலும் இம்முறை புகுந்தது. ஐரோப்பாவில் 1991இல் தொடங்கிய ஜி.எஸ்.எம். என்னும் கைத்தொலைபேசி முறையிலே, ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்வர். ஒருவரின் முறை ஏறத்தாழ 577 மைக்கிரோசெக்கன். ஒரு மைக்கிரோசெக்கன் என்பது செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு. இங்கே போடோ காணாத ஒரு சிக்கல் எழுந்தது. அவருடைய ஊழியர் நால்வரும் ஒரே மேசையில் இருந்தனர். இவர்களோ ஒருவர் கோபுரத்தின் அடியில், ஒருவர் முப்பது கிலோமீற்றருக்கு அப்பால். வானொலி அலைக்கும் அந்தத் தூரம் கடக்க நூறு மைக்கிரோசெக்கன் வேண்டும். கோபுரத்தின் தாளம் தொலைவில் இருப்பவருக்கு நூறு பிந்திக் கேட்கும். அவர் விடை கோபுரத்தை அடைய இன்னொரு நூறு. ஆக, தன் முறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பிந்திவந்து அடுத்தவர் முறையில் விழும். இதற்காகக் கோபுரம் ஒவ்வொரு தொலைபேசிக்கும் அதன் தூரத்தை மதிப்பிட்டு, நீ இவ்வளவு முந்தித் தொடங்கு என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கும். இந்த ஏற்பாடு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர் வரைதான் செல்லும். அதற்கு அப்பாலிருந்து அழைப்பவரின் அலை கோபுரத்தைத் தெளிவாக வந்தடைந்தாலும், அவர் தம் முறையில் வந்து சேரமாட்டார்.